மூன்றரை லட்ச ரூபாய் வீடு: முதல் பணத்தை யார் போடுவது?

'அரசாங்கம் வீடு கட்டிக் கொடுக்குது' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கிராமத்தில் அரசாங்கம் வீடு கட்டிக் கொடுப்பதில்லை. பயனாளிதான் கட்ட வேண்டும். கட்டி முடித்த அளவுக்குப் பணம் வரும். இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டால், வேதாரண்யம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் அத்தை பைசா சுத்தமாகக் கணக்குச் சொல்வார்.

தெருவுக்கே அவர் அத்தைதான். வயது 54. கணவர் மீன் வியாபாரம் பார்த்தவர். கொரோனா வருஷத்தில் தவறிப்போனார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். மகளைத் திருத்துறைப்பூண்டியில் கட்டிக்கொடுத்தாயிற்று. நடவு, களையெடுப்பு, அது இல்லாத நாளில் நூறு நாள் வேலை என்று அத்தையின் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

இருந்தது கீற்றுக் கொட்டகை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் அதன் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கூரையோடு ஊரின் தென்னை மரங்களும் போனதால், அதற்குப் பிறகு கீற்று வாங்குவதே பெரும்பாடானது. நிவாரணமாக வந்த தார்ப்பாயைப் போட்டு, அது கிழிந்ததும் இன்னொன்றை வாங்கிப் போட்டு, ஆறு வருஷம் ஓடியது. மழை ராத்திரிகளில் ரேஷன் அரிசியைக் குடத்தில் போட்டு மூடி, அதன் மேல் துணி மூட்டையை வைத்து, அதையும் ஒரு பிளாஸ்டிக் பையால் போர்த்திவிட்டுத்தான் அத்தை படுப்பார். "நான் நனைஞ்சா காயலாம், அரிசி நனைஞ்சா என்ன பண்றது?" என்பார்.

அரசாங்கம் இவரை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கணக்கெடுப்புக்கு ஆள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டத்துக்காகக் குடிசைகளைக் கணக்கெடுத்தார்கள். ஒரு வீட்டுக்கு 75,000 ரூபாய். அத்தையின் மாமனார் பெயரையும் எழுதிக்கொண்டு போனார்கள். அவர் முறை வருவதற்குள் 2011-ல் ஆட்சி மாறியது. அந்தத் திட்டம் போய், சூரிய மின்சக்தியோடு பசுமை வீடு திட்டம் வந்தது. அதிலும் முறை வரவில்லை. 2016-ல் பிரதமர் வீடு திட்டம் வந்தபோது, 2011-ன் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துப் பட்டியல் போட்டார்கள். அதில் இவர்கள் பெயர் அடிபட்டுப் போனது. காரணம், கணவர் மீன் கூடையைக் கட்டிக்கொண்டு போவதற்காக இரண்டாவது கையில் வாங்கிய பழைய டிவிஎஸ் 50. வீட்டில் மோட்டார் வண்டி இருந்தால் ஏழை இல்லை என்பது அப்போதைய விதி. அந்த விதியை 2024-ல்தான் தளர்த்தினார்கள். அதற்குள் அந்த வண்டி காயலான் கடைக்குப் போய்விட்டது, ஓட்டியவரும் போய்விட்டார்.

2024 பிப்ரவரி பட்ஜெட்டில் 'கலைஞரின் கனவு இல்லம்' அறிவிக்கப்பட்டது. 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், முதல் வருஷம் 1 லட்சம், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் போட வேண்டும், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். சமையலறை கட்டாயம். கிராமசபையில் பட்டியலை வாசித்தபோது அத்தையின் பெயரும் இருந்தது. கை தட்டினார்கள். அவருக்கு மட்டும் கை தட்டத் தோன்றவில்லை. "இது மாதிரி எத்தன லிஸ்ட்ட பாத்தாச்சு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

முதல் தடை பட்டா. சொந்த இடத்துக்குப் பட்டா இருப்பவர்களுக்குத்தான் வீடு. அத்தை குடியிருந்தது 3 சென்ட் மனை. பட்டா மாமனார் பெயரில். மாமனார் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. பெயர் மாற்ற வேண்டுமென்றால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். வாரிசு என்றால் சென்னையில் இருக்கும் கொழுந்தனாரும் உண்டு. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகள் சிமென்ட் இல்லாமல் நிற்கவில்லை, ஒரு கையெழுத்து இல்லாமல்தான் நிற்கின்றன. அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்காத மனையில் குடிசை இருக்கும்வரை யாரும் வாயைத் திறப்பதில்லை. கான்கிரீட் வீடு வரப்போகிறது என்றதும்தான் எல்லோருக்கும் இடம் ஞாபகத்துக்கு வருகிறது.

கொழுந்தனார் கெட்டவர் இல்லை. போனில் அவர் கேட்டதும் நியாயம்தான். "அண்ணி, நான் குறுக்க நிக்கல. ஆனா நாளைக்கு என் புள்ள ஊருக்கு வந்தா அவனுக்குக் கால் வைக்க எடம் வேணும்ல?" ஒரு மாதம் இழுத்தது. கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பேசி, ஆளுக்கு ஒன்றரை சென்ட் என்று முடிவானது. ஒன்றரை சென்ட் என்றால் சுமார் 650 சதுர அடி. 360 சதுர அடி வீட்டுக்குப் போதும். கொழுந்தனார் ஒருநாள் லீவு போட்டு வந்து, கிராம நிர்வாக அலுவலர் ஆபீஸிலும் தாலுகா ஆபீஸிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, அண்ணி கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ராத்திரி பஸ்ஸுக்குப் போனார். வீடு பெறுபவர் பட்டியலில் பெயர் வரும் வரைக்கும் காத்திருக்காமல், இன்றைக்கே பட்டாவை எடுத்து யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவைப்பது நல்லது. பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே முடித்துவிட்டால், அலைச்சல் பாதியாகக் குறையும்.

வேலை உத்தரவு கைக்கு வந்தபோது ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. டெல்டாவில் அந்தச் சமயத்தில் பள்ளம் தோண்டினால் கிணறுதான் வரும். பொங்கல் முடியட்டும் என்று காத்திருந்தார்கள். அதற்குள் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலமும் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர் கைக்குப் போனது. அதுவரை எதற்கெடுத்தாலும் தலைவர் வீட்டுத் திண்ணையில் போய்க் கேட்கலாம். இனி ஒன்றிய அலுவலகத்துக்கு பஸ் ஏற வேண்டும். போக வர 60 ரூபாய், கூடவே அரை நாள் கூலி.

பொங்கல் முடிந்து குடிசையைப் பிரித்தார்கள். உண்மையான பயம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. முதல் தவணை, அஸ்திவாரம் போட்டு பேஸ்மென்ட் மட்டம் வந்த பிறகுதான். அடுத்தது லிண்டல் மட்டத்தில். அதற்கடுத்தது தளம் போட்டதும். கடைசித் தவணை எல்லாம் முடிந்த பின்பு. சிமென்ட்டும் கம்பியும் அரசு மூலமே கிடைக்கும். அதற்கான தொகையைப் பிடித்துக்கொண்டு மீதி வங்கிக் கணக்குக்கு வரும். இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. முன்பணம் கொடுத்து, அது கல்யாணத்துக்கும் கடனுக்கும் போய், பாதிச் சுவரோடு நின்ற வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால், கையில் ஒரு லட்சம் ரூபாய் இருப்பவர் ஏன் கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே குடியிருக்கப் போகிறார்? திட்டம் போட்ட யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

அத்தையின் மனை தெருவைவிடத் தாழ்வு. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். தரையை இரண்டடி உயர்த்தாமல் வீடு கட்டினால், கான்கிரீட் வீட்டுக்குள்ளும் தண்ணீர்தான். 8 டிராக்டர் சவுடு அடித்தார்கள். இது எஸ்டிமேட்டில் எங்கும் கிடையாது. டெல்டாவில் கல் கிடையாது. ஜல்லி புதுக்கோட்டைப் பக்கமிருந்து லாரி ஏறி வர வேண்டும். வாடகையோடு சேர்த்தால் விலை எகிறிவிடும். எல்லாமாகச் சேர்த்து முதல் தவணை வருவதற்கு முன்பே 1,12,000 ரூபாய் செலவானது.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஒன்றரை பவுன் சங்கிலியும் தோடும் கூட்டுறவு வங்கியில் 60,000 ரூபாய்க்குப் போயின. மகளிர் குழுவுக்குக் கடன் கொடுக்கும் தனியார் கம்பெனியில் 40,000; வாரத் தவணை 870 ரூபாய். மீதியை மகன் முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கி அனுப்பினார். நூறு நாள் வேலையில் வர வேண்டிய கூலி உதவியிருக்கும். ஆனால், அந்தக் குளிர்காலத்தில் தமிழ்நாடு முழுக்க அந்தச் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. மத்திய அரசிடமிருந்து நிதி வரவில்லை என்று மாநில அரசு சொன்னது. நாளைக்கு 319 ரூபாய் என்று உழைத்தவர்கள் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். வாரத் தவணைக்காரர் மட்டும் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் தவறாமல் வந்து நின்றார்.

இதற்கு நடுவில் ஓர் ஒப்பந்தக்காரர் வந்தார். "எதுக்கும்மா கஷ்டப்படுறீங்க? என் காசப் போட்டு நானே கட்டித் தர்றேன். பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் மட்டும் குடுத்துடுங்க" என்றார். அடுத்த தெருவில் மூன்று பேர் கொடுத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடகு வைக்க நகைகூட இல்லாதவர்கள். வீடும் எழும்பிவிட்டது. ஆனால், என்ன சிமென்ட் போட்டார், எத்தனை நாள் தண்ணீர் ஊற்றினார் என்று கேட்கிற உரிமை பாஸ்புக்கோடு போய்விட்டது. அத்தை மறுத்துவிட்டார். "கார்டு குடுத்தா வீடு அவருது, நான் வாடகைக்கு இருக்குற மாதிரி" என்றார்.

மேஸ்திரி ஒருவரைத் தினக்கூலிக்குப் பிடித்து, சித்தாள் வேலையை அத்தையே பார்த்தார். செங்கல் சுமந்தார், கலவை தூக்கினார். பக்கத்தில் நாலு கம்பு நட்டு, அதே பழைய தார்ப்பாயைப் போட்டு நாலரை மாதம் குடியிருந்தார். ஒருநாள் அடுப்பு ஓரத்தில் நல்ல பாம்பு படுத்திருந்தது. அன்று மட்டும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் தூங்கினார்.

ஓவர்சியர் ஒவ்வொரு கட்டத்துக்கும் வந்து, வீட்டின் முன் உரிமையாளரை நிறுத்தி போனில் படம் எடுக்க வேண்டும். அப்போதுதான் பில் போகும். அவர் கையில் ஏகப்பட்ட ஊராட்சிகள். பேஸ்மென்ட் முடிந்து 11 நாள் கழித்துத்தான் வர முடிந்தது. படம் எடுத்தவர், "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார். "காசு ஏறட்டும் சார், சிரிக்கிறேன்" என்றார் அத்தை. அதிலிருந்து பணம் ஏற மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார். இப்படி நின்று நின்றுதான் சுவர் ஏறியது. நல்ல மனிதர் அந்த ஓவர்சியர். இரண்டாம் தவணைக்கு அத்தை போன் செய்த மறுநாளே வந்துவிட்டார். சென்ட்ரிங் அடித்த அன்று கம்பி கட்டு சரியில்லை என்று மேஸ்திரியை நிறுத்தி, இரண்டு மணி நேரம் நின்று திருத்தியும் வைத்தார்.

சித்திரை வெயிலில் தளம் போட்டார்கள். 21 நாள் தண்ணீர் கட்டி வைத்தார். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து அடிபம்பில் குடம் குடமாக அடித்து, ஏணியில் ஏறி ஊற்றிவிட்டு வயலுக்குப் போவார்.

இதுவரை 4,68,000 ரூபாய் ஆகியிருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு என்று பேத்தி எழுதிக் கொடுத்திருக்கிறாள். மூன்றரை லட்சத்திலும் வீட்டுக்கென்று வருவது 3,10,000. மீதி நூறு நாள் வேலைக் கூலியும் கழிவறைப் பணமும். ஆக, அவர் கையை விட்டுப் போவது 1,18,000. இது சுமைதான், ஆனால் தாங்க முடியாதது இல்லை என்கிறார். அவரை உலுக்கியது அந்தத் தொகை இல்லை. முதல் தவணை வரும்வரை இருந்த இரண்டு மாதங்கள்தான். வேலை உத்தரவோடு 50,000 ரூபாயைக் கொடுத்து, பின்னால் கழித்துக்கொண்டால் அரசுக்குப் பெரிய நஷ்டம் வந்துவிடாது. அந்த 40,000 ரூபாய் வாரக் கடனை அவர் வாங்கியிருக்க மாட்டார்; பாஸ்புக்கை யாரும் யாரிடமும் நீட்டியிருக்க மாட்டார்கள். ஊருக்கு இரண்டு வீடாவது இன்னும் அஸ்திவாரக் குழியோடு நின்றுகொண்டிருப்பதும் இதனால்தான்.

ஆவணியில் பால் காய்ச்சினார்கள். கொழுந்தனார் குடும்பத்தோடு வந்து ஒரு சீலிங் ஃபேன் வாங்கி மாட்டிவிட்டுப் போனார். கடைசித் தவணைக்கு, கழிவறைக்குக் கதவு இல்லை என்று பில் நின்றிருந்தது. குடிசையைப் பிரித்தபோது எடுத்து வைத்த பழைய தகரக் கதவை வெட்டி, பெயின்ட் அடித்துப் பொருத்திவிட்டார். ஓவர்சியர் வந்து படம் எடுத்துவிட்டார். பணம் இன்னும் ஏறவில்லை. அத்தை இப்போது குறுவை அறுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார். வாரத் தவணை இன்னும் 21 பாக்கி.