நடந்து உயர்ந்த அறிஞர்

கல்வியுடையார்க்கு எந்நாடும் தம் நாடே என்பது நம் முன்னோர் கொண்ட நம்பிக்கை. யானும் முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து அக்கருத்தை மாணவர்க்கு எடுத்துரைத்து வந்தவன். எனினும், கற்றவன் அயல்நாட்டில் அடியெடுத்து வைத்த அன்றே சிறப்பு அவனை எதிர்கொண்டழைக்கும் என்று எண்ணிவிடலாகாது. கல்வியைத் துணையாகக் கொண்டு சென்றவனும் சில வாயில்களில் காத்து நிற்க நேரிடும். சில இழிசொற்களைக் கேட்க நேரிடும். அவற்றைக் கடந்து, தான் பெற்ற உயர்வைப் பிறர்க்கும் வழியாக்கித் தருபவனே அந்நம்பிக்கையை மெய்யாக்குகின்றான். அத்தகையோருள் ஒருவர் சாங் லின் தியென் என்னும் சீன அறிஞர். அவர் வரலாற்றை எண்ணுந்தோறும் என் உள்ளம் ஊக்கமுறுகின்றது.

தியென் 1935-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24-ஆம் நாள் சீன நாட்டின் ஊகான் நகரில் வசதி மிக்க குடும்பத்தில் தோன்றினார். ஜப்பானியர் படையெடுப்பு அக்குடும்பத்தைச் சாங்காய் நகருக்குத் துரத்திற்று. பின்னர் உள்நாட்டுப் போர் 1949-இல் அவர்களைக் கடல் கடந்து தைவான் தீவுக்குத் துரத்திற்று. பதினைந்து வயது நிரம்புமுன் இருமுறை வீடிழந்தார் அச்சிறுவர். தைவானில் அப்பெரிய குடும்பம் முழுவதும் ஒரு சிற்றறையில் ஒடுங்கி வாழ்ந்தது. வீடு போயிற்று, பொருளும் போயிற்று, கல்வி ஒன்றே எஞ்சிற்று. தைவான் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1955-இல் அவர் பட்டம் பெற்றார்.

அடுத்த ஆண்டு அமெரிக்க நாட்டின் கென்டக்கி மாநிலத்திலுள்ள லூயிவில் பல்கலைக்கழகத்திற்கு மேற்படிப்பின் பொருட்டுச் சென்றார். நிறவேற்றுமை அந்நாட்டில் கொடிதாக நிலவிய காலம் அது. ஒருநாள் பேருந்தில் ஏறிய தியென், வெள்ளையர் முன்புறத்திலும் கறுப்பின மக்கள் பின்புறத்திலும் அமர்ந்திருக்கக் கண்டார். அவரோ வெள்ளையரும் அல்லர், கறுப்பரும் அல்லர். எங்கே அமர்வது? விடை காணாது ஓட்டுநர் அருகிலேயே நின்றுகொண்டார். மனிதரைத் தோலின் நிறங்கொண்டு பிரிக்கும் அவ்வூர்தியில் செல்வதினும் நடந்து செல்வதே நன்றெனப் பின்னாளில் அவர் உள்ளம் துணிந்தது. நெடுந்தொலைவு நடந்தே வகுப்பிற்குச் செல்லலானார்.

அங்கே பேராசிரியர் ஒருவர் தியெனைப் பெயர் சொல்லி அழையாது, சீனரை இழிவுபடுத்தும் சொல் ஒன்றால் அழைத்து வந்தார். அச்சொல்லின் பொருளைத் தியென் முதலில் அறிந்திலர். அறிந்தபின் வாளா இருந்திலர். அப்பேராசிரியரின் கீழ் உதவியாளராகப் பணியாற்றியே அவர் தம் வாழ்க்கையை நடத்த வேண்டியிருந்தது. எனினும், நேரே சென்று, தம்மை அவ்வாறு அழைத்தல் வேண்டா எனப் பணிவோடும் உறுதியோடும் கேட்டுக்கொண்டார். பணிவு வேறு; அடங்கிப் போதல் வேறு என்பதற்கு இஃது ஒரு சான்று அன்றோ?

என் வகுப்பறைகளிலும் பிழைப்பு நாடி வடபுலத்திலிருந்து வந்தோரின் பிள்ளைகள் அமர்ந்ததுண்டு. அவர்தம் பெயர்கள் என் நாவிற்குப் புதியவை. ஒவ்வொரு பெயரையும் அப்பிள்ளைகளையே சொல்லச் சொல்லிக் கேட்டுப் பழகிய பின்னரே வருகைப் பதிவேட்டைப் படிப்பேன். பெயரைத் திருத்தமாகச் சொல்லக் கேட்டபோது அவர்தம் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை யான் அறிவேன். பெயர் என்பது வெறும் ஒலியன்று. ஒருவனுடைய தன்மதிப்பு அதில் தங்கியிருக்கின்றது.

லூயிவில்லில் முதுகலைப் பட்டம் பெற்ற தியென், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1959-இல் முனைவர் பட்டமும் பெற்றார். அவ்வாண்டே, தம் இருபத்து நான்காம் வயதில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் ஆசிரியரானார். மூன்றாண்டுகளில் சிறந்த ஆசிரியர்க்கான பரிசு அவரை வந்தடைந்தது. அதற்குமுன் அத்துணை இளம்வயதில் அப்பரிசைப் பெற்றார் எவருமிலர். வெப்பம் ஓரிடத்தினின்று மற்றோரிடம் செல்லும் முறைகளை ஆராய்வது அவருடைய துறை. விண்ணோடம் வளிமண்டலத்துள் மீளும்பொழுது எழும் கடுவெப்பத்தினின்று அதனைக் காக்கும் ஓடுகளில் எழுந்த சிக்கல்களைத் தீர்க்க அவ்வறிவு பயன்பட்டது.

1990-இல் அவ்வளாகத்தின் தலைமைப் பொறுப்பு அவரை அடைந்தது. அதனை அங்கு வேந்தர் பதவி என்பர்; நம் நாட்டுத் துணைவேந்தர் பொறுப்பை ஒத்தது அது. அமெரிக்காவின் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் ஒன்றின் தலைமையை ஏற்ற முதல் ஆசிய வழியினர் தியெனே. அரசின் நிதியுதவி பெரிதும் குறைந்த காலம் அது. அவர் தளர்ந்திலர், நன்கொடையாளரை நாடிச் சென்று, வளாகத்தின் சிறப்புக் குன்றாது காத்தார். தேர்வுக் காலத்து இரவுகளில் நூலகத்திற்குச் சென்று மாணவரோடு உரையாடுவார். வழியில் குப்பை கிடக்கக் கண்டால் தாமே குனிந்து எடுப்பார். பதவி உயர்ந்தது, முதுகு வளைய மறுக்கவில்லை.

அவர் உள்ளத்தை உரைத்துப் பார்த்த ஆண்டு 1995. மாணவரைச் சேர்க்கும்போது அவர்தம் இனத்தைக் கருதிச் சலுகை காட்டும் முறையை நீக்குவதெனப் பல்கலைக்கழக ஆட்சிக் குழு அவ்வாண்டு முடிவு செய்தது. தியென் அம்முடிவுக்கு முன்னரே அதனை வெளிப்படையாக மறுத்துரைத்தார். ஆட்சிக் குழுவின் கீழ்ப் பணிபுரிவோர்க்கு இஃது எளிய செயலன்று. முடிவு மாறவில்லை, அவரும் மனம் சோரவில்லை. சில திங்களுக்குள் ‘பெர்க்கிலி உறுதிமொழி’ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். அரசுப் பள்ளிகளில் பயிலும் எளிய பிள்ளைகளை இளமையிலேயே நாடிச் சென்று, பல்கலைக்கழகத்தில் சேர்தற்குரிய தகுதியை அவர்கள் பெறுமாறு துணைசெய்வதே அதன் நோக்கம். ஒரு கதவு அடைபட்டபோது, அதன்முன் நின்று புலம்பாது மற்றொரு பாதையை வெட்டினார்.

1997-இல் பதவியினின்று விலகி, மீண்டும் ஆசிரியப் பணிக்கே திரும்பினார். 2002-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29-ஆம் நாள், தம் 67-ஆம் வயதில் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய கிழக்காசிய ஆய்வு மையத்தின் பகுதியாக, 2008-இல் பெர்க்கிலியில் ஒரு நூலகம் திறக்கப்பெற்றது. ஒருகாலத்தில் பெயர் சொல்லி அழைக்கப்பெறாத மாணவரின் பெயரை இன்று ஓர் அறிவு நிலையம் தாங்கி நிற்கின்றது.

மாணவர்களே! அயலூரிலிருந்து வந்த ஒரு பிள்ளை நாளை உங்கள் அருகில் வந்து அமரக்கூடும். அவன் பெயரைக் கேளுங்கள். திருத்தமாகச் சொல்லப் பழகுங்கள். உங்கள் இருக்கையில் இடம் கொடுங்கள். நீங்களே அயல்நாடு செல்ல நேரின், தன்மதிப்பை இழவாது உழையுங்கள். கல்வியாளனுக்கு எவ்வூரும் தன் ஊராதல் வேண்டுமெனில், செல்வோர் உழைப்பும் இருப்போர் அன்பும் ஒருங்கே வேண்டும்.