பதினாலு சிலிண்டரும் பக்கத்து வீட்டு தாத்தாவும்

"பொண்ணு வீட்டுக்காரங்க வந்தா இதையெல்லாம் எங்கடா ஒளிச்சு வைக்கிறது?"

கூரியர்ல வந்த பெட்டியைக் கையில வெச்சுக்கிட்டு அம்மா கேட்ட கேள்வி. பெட்டி மேல ஹெலிகாப்டர் படம், உள்ளே சாம்பல் கலர்ல பிளாஸ்டிக் துண்டுகள். வாரம் அஞ்சு நாள் கோடு அடிக்கிறேன், சனி ஞாயிறு ஆனா பிளேடு, எமரி பேப்பர், ஃபெவிக்விக் சகிதமா உட்கார்ந்துடறேன். இருபத்தெட்டு வயசுல இது வியாதியான்னு கேட்டா, ஆமாங்க, வியாதி தான் :-)

அதுலயும் கோவில்பதாகையில இருந்துக்கிட்டு ஹெலிகாப்டர் பண்றது ஊருக்கே துரோகம். எங்க ஏரியா டேங்க் ஏரியா. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை (எச்.வி.எஃப்.னு சொன்னா தான் ஆட்டோக்காரருக்குப் புரியும்) 1961ல ஆரம்பிச்சது. விஜயந்தா, அஜெயா, அர்ஜுன்னு வரிசையா டேங்க் பண்ணின இடம். தெருவுக்கு நாலு வீடாவது அங்க வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க வீடு. "டேங்க் பண்ணாம இது என்னடா காத்தாடி"ன்னு அப்பாவே கேட்டுட்டார்.

எனக்குப் புது ஹெலிகாப்டர் மேல அவ்வளவா ஈர்ப்பு இல்லை. 1950கள்ல வந்த பழசு தான் பிடிக்கும். எப்படிப் பறக்கணும்னு அதுங்களுக்கே முழுசா தெரியாத வயசு அது. நம்ம விமானப்படைக்கு 1954ல வந்த முதல் ஹெலிகாப்டர் அமெரிக்காவோட சிகோர்ஸ்கி எஸ்-55. அதுக்கப்புறம் 1960 வாக்குல வந்தது சோவியத்தோட மி-4. பார்க்க எஸ்-55க்கு பெரியண்ணன் மாதிரி இருக்கும். ரெண்டுக்கும் இன்ஜின் மூக்குல!

ஏன் மூக்குல? இப்ப வர்ற ஹெலிகாப்டர்ல டர்பைன் இன்ஜின், சின்னது, லேசானது. தலைக்கு மேல தூக்கி வெச்சுடலாம். அப்போ இருந்ததோ பெட்ரோல்ல ஓடுற பிஸ்டன் இன்ஜின். கனம்னா அப்படி ஒரு கனம். நடுவுல வெச்சா ஆள் உட்கார இடம் இல்லை. அதனால மூக்குக்குள்ள சாய்வா வெச்சு, அங்கிருந்து ஒரு தண்டு பைலட் முதுகுக்குப் பின்னாடி ஏறி மேல இருக்கிற பெரிய விசிறியைச் சுத்தும். பைலட் இன்ஜின் மேல மாடி கட்டி உட்கார்ந்திருப்பார். ஆளும் சாமானும் ஏத்துற அறை சரியா விசிறிக்கு நேர் கீழ. அங்கிருந்து பத்து பேர் இறங்கினாலும் வண்டி முன்னாடியோ பின்னாடியோ சாஞ்சுடாது. இன்னொரு வசதி, மூக்குக் கதவை ரெண்டு பக்கமும் திறந்தா இன்ஜின் மொத்தமும் கைக்கு எட்டும்.

இந்தக் கடைசி வசதி தான் இந்தக் கதைக்கே காரணம்.

நான் பண்றது 1/72 அளவு. ஆறடி ஆள் ஒரு அங்குலம் ஆயிடுவான். மி-4 விசிறியோட நிஜ விட்டம் 21 மீட்டர், என் மேஜை மேல 29 சென்டிமீட்டர். பெட்டியில வந்த ஸ்டிக்கர்ல நம்ம ஊர் வட்டம் கிடையாது. காவி, வெள்ளை, நடுவுல பச்சைன்னு நானே வரைஞ்சு பிரிண்ட் பண்ணிக்கிட்டேன். பிரிண்டர் வெள்ளை மட்டும் அடிக்காது. வெள்ளைத் தாள்ல அடிச்சு, பிளேடால வட்டமா வெட்டி, வார்னிஷ் பூசி... பதினோரு வட்டம் வீணாச்சு. பச்சை பெயிண்ட் ஈரமா இருக்கும்போது ஏரிப்பக்கம் இருந்து வந்த கொசு ஒண்ணு வால்ல உட்கார்ந்து அங்கேயே சமாதி. அதை எடுத்து, தேய்ச்சு, மறுபடி அடிச்சேன். (நற நற)

எல்லாம் முடிஞ்சு மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போய் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தப்ப தான் பக்கத்து வீட்டு தாத்தா பார்த்தார். அவர் விமானப்படையில இன்ஜின் ஃபிட்டரா இருந்தவர்னு தெரியும். எந்த இன்ஜின்னு நான் கேட்டதே இல்லை. இத்தனைக்கும் எட்டு வருஷமா ஒரே காம்பவுண்ட் சுவர்.

"என்ன தம்பி அது, மி-ஃபோரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சர்க்கரையால அவருக்குக் கண்ணு பாதி போச்சு. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து அந்த உருவத்தை வெச்சே சொல்லிட்டார். படியேறி வந்து மாடலைக் கையில வாங்கி, முகத்துக்கிட்ட கொண்டு போய்ப் பார்த்தார். அப்புறம் பார்க்கிறதை விட்டுட்டு விரலால தடவ ஆரம்பிச்சார்.

"ரெக்கை ஏன் இப்படி நேரா நிக்குது? நின்னுக்கிட்டு இருக்கிற ஹெலிகாப்டருக்கு ரெக்கை தொங்கும்பா. சுத்தினா தான் நேராகும்."

சொல்லிக்கிட்டே ரெக்கையோட நுனியைக் கீழ அமுக்கினார். டக். ஒரு ரெக்கை கையோட வந்துடுச்சு.

ரெண்டு மாச வேலைங்க. "ஐயோ தாத்தா, தொடாதீங்கன்னா கேக்கணும்"னு கத்திட்டேன். நான் தொடாதீங்கன்னு அதுக்கு முன்னாடி சொல்லவே இல்லைங்கறது வேற விஷயம். அவர் ரெக்கையையும் மாடலையும் மெதுவா சுவர் மேல வெச்சார். "சாரி தம்பி"ன்னார். எழுபத்தஞ்சு வயசு மனுஷன் என்கிட்ட சாரி சொல்லிட்டு சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் படியிறங்கிப் போனார்.

அடுத்த ரெண்டு வாரம் அவர் மாடிக்கு வரலை. நானும் போகலை. போய் என்னன்னு சொல்றது?

அந்த ரெண்டு வாரத்துல பழைய போட்டோவை எல்லாம் மறுபடி பார்த்தேன். தரையில நிக்கிற மி-4 ஒவ்வொண்ணுலயும் ரெக்கை தொங்கிக்கிட்டு தான் இருக்கு. அத்தனை போட்டோவை நூறு தடவை பார்த்தவன் நான். கண்ணுல படவே இல்லை. நாலு ரெக்கையையும் கழட்டி, கொதிக்கிற தண்ணியில முக்கி, வளைச்சு, பச்சைத் தண்ணியில போட்டு எடுத்தேன். அதே பிளாஸ்டிக் தான், திடீர்னு கனம் வந்த மாதிரி ஆயிடுச்சு.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாடலை ஒரு ஷூ டப்பாவுல வெச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். மன்னிப்பு எல்லாம் சரியா கேட்க வரலை. "தொங்கிடுச்சு தாத்தா, பாருங்க"ன்னு மட்டும் சொன்னேன். தடவிப் பார்த்தார். சிரிச்சார். அப்புறம் விரல் மூக்குக்கு வந்து நின்னுடுச்சு.

"இது மூடியிருக்கே. நான் இதை மூடிப் பார்த்ததே கம்மி."

1971 டிசம்பர்ல அவர் அகர்தலா பக்கம் இருந்திருக்கார். அப்போ கிழக்கு பாகிஸ்தான்ல மேக்னா நதி மேல இருந்த பைரப் பஜார் பாலத்தைப் பின்வாங்கின பாகிஸ்தான் படை தகர்த்துடுச்சு. ஆத்தைத் தாண்ட வழி இல்லை. 4வது கோர் தளபதி சகத் சிங், விமானப்படையோட குரூப் கேப்டன் சந்தன் சிங் ரெண்டு பேரும் சேர்ந்து மி-4லயே ஆட்களைத் தூக்கி அக்கரையில போடறதுன்னு முடிவெடுத்தாங்க. டிசம்பர் 9 ராத்திரி பிராமண்பாரியாவுல ஏத்தி ராய்ப்புரால இறக்க ஆரம்பிச்சாங்க. இறங்குற இடத்துக்கு அடையாளம் டார்ச் லைட் வெளிச்சம் தான். டிசம்பர் 16ந் தேதி டாக்காவுல சரணடைஞ்சுட்டாங்க. இது எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு.

தாத்தா இதுல எதையும் சொல்லலை. அவர் சொன்னது ஸ்பார்க் பிளக்கைப் பத்தி. பதினாலு சிலிண்டர், சிலிண்டருக்கு ரெண்டு பிளக், மொத்தம் இருபத்தெட்டு. வட்டமா அடுக்கின இன்ஜின்ங்கறதால, நிறுத்தி வெச்சா எண்ணெய் வடிஞ்சு கீழ் சிலிண்டருக்கு இறங்கிடும். பிளக் நனைஞ்சுடும். கழட்டி, துடைச்சு, மாட்டணும். வாயில டார்ச்சைக் கடிச்சுக்கிட்டு ராத்திரி பூரா அது தான் வேலையாம். "அக்கரையில என்ன நடந்துச்சுன்னு எனக்கு என்ன தெரியும்? திரும்பி வந்தா சத்தத்தை வெச்சு எது மிஸ் அடிக்குதுன்னு தெரியும்."

வண்டி அப்போ என்ன கலர் தாத்தான்னு கேட்டேன். "எண்ணெய்க் கலர்"னார்.

அன்னைக்கு ராத்திரியே மூக்கை அறுத்தேன். பெட்டியில இன்ஜினே வரலை, நானே செய்யணும். நிஜ இன்ஜினோட விட்டம் கிட்டத்தட்ட 1.26 மீட்டர், 72ஆல வகுத்தா 17.5 மில்லிமீட்டர். ஒரு ரூபாய் காசை விடச் சின்னது. பார்ட்ஸ் ஒட்டிக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டத்தைத் துண்டு துண்டா வெட்டி, செத்துப்போன சார்ஜரைப் பிரிச்சு அதுல இருந்த மெல்லிய செம்புக் கம்பியை ஒவ்வொண்ணு மேலயும் நெருக்கமா சுத்தினேன். சிலிண்டரோட வரிவரியான ஃபின் ரெடி. பிளக் ஒயருக்கு, மிச்சமிருந்த சட்டத்தை மெழுகுவர்த்தியில காட்டி இழுத்தா நூல் மாதிரி வரும். மூணு வாரம் ஆச்சு. முன் வரிசை ஏழு சிலிண்டர் மட்டும் செஞ்சேன். பின் வரிசை ஏழும் முன் வரிசைக்குப் பின்னாடி மறைஞ்சு போயிடும், எவன் பார்க்கப் போறான்? அப்புறம் கறுப்பும் பழுப்பும் கலந்து தின்னர்ல கரைச்சு, மூக்குல இருந்து வயிறு வரைக்கும் ஒழுக விட்டேன். என் ஏர்பிரஷ் வேலையெல்லாம் அழுக்காச்சு. மனசு கொஞ்சம் வலிச்சுது.

நேத்து கொண்டு போய்க் குடுத்தேன். இந்தத் தடவை நானே "நல்லா தொட்டுப் பாருங்க தாத்தா"ன்னேன். திறந்த மூக்குக் கதவுக்குள்ள சுண்டு விரல் நகத்தை விட்டு மெதுவா ஒரு சுத்து சுத்தினார். உதடு அசைஞ்சுது. ஒண்ணு, ரெண்டு, மூணு...

ஏழுல நின்னார். நகத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பார்த்தார்.

"பின்னாடி ஏழு எங்க தம்பி?"

நான் பேசலை.

"அந்த ஏழு தான் ரொம்பப் படுத்தும்."

இன்னைக்குக் காலையில மூக்கை மறுபடி கழட்டியாச்சு. சார்ஜர் கம்பி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு.