ஒப்புக்கொடுத்தல்

சுயம் சாகவேண்டும் என்பது சிறுவயதிலிருந்து நான் கேட்டுவரும் வாக்கியம். கன்வென்ஷன் பந்தலில் பிரசங்கியார் இதைச் சொல்லும்போது குரல் உயரும். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். என் அப்பா மணலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மறுநாள் காலை சுயம் வழக்கம்போல எழுந்து பல் துலக்கிக் காப்பி குடிக்கும். இது பிரசங்கத்தின் கோளாறு என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இலக்கியத்துக்கு வந்தபின் பிரசங்கியாரின் இடத்தில் ஹாப்கின்ஸை வைத்துக்கொண்டேன்.

1868இல், சேசு சபையில் சேருமுன், ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ் தன் கவிதைகளை எரித்தார். எரிக்கும்படி யாரும் கேட்கவில்லை. பிறகு ஏழு ஆண்டுகள் ஏறக்குறைய எழுதாமலே இருந்தார். 1875 டிசம்பரில் 'டாய்ச்லாந்து' கப்பல் விபத்தில், ஜெர்மனியின் சட்டங்களால் நாடு துறந்த ஐந்து பிரான்சிஸ்கன் கன்னியர் மூழ்கிப்போனார்கள். யாராவது இதைக் கவிதையாக எழுதினால் நன்றாயிருக்கும் என்று, வேல்ஸில் அவர் இறையியல் படித்த இல்லத்துத் தலைவர் சொன்னார். அந்த ஒரு சொல்தான் அவரை மறுபடி எழுதவைத்தது. எழுதிய நெடுங்கவிதையைச் சபையின் சொந்தப் பத்திரிகையே போடவில்லை.

பி.ஏ. படிக்கும்போது தெரிந்துகொண்டது இது. அந்த நெருப்பு அன்றே என்னைப் பிடித்துக்கொண்டது. போன வருஷம் ஒரு கட்டுரை எழுதினேன்: படைப்பாளி தரக்கூடிய உச்சமான பலி அது என்று.

மெய்ப்பு கைக்கு வந்தது ஒரு முதல் தேதியில். வங்கியில் பென்ஷன் கூட்டம். கவுண்டர் இழுப்பறையில் வைத்து நடுநடுவே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைப்புக்குக் கீழே, என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அந்த எரிச்சலோடு நிமிர்ந்தபோது ஒரு வயதான அம்மா பணம் எடுக்கும் சீட்டை நீட்டினார். மாதிரிக் கையெழுத்தோடு அது ஒத்துப்போகவில்லை. "கை நடுங்குது தம்பி" என்றார். என் முன்னால் இன்னொரு தரம் போடச் சொல்லியிருக்கலாம். அதிகாரியிடம் கூட்டிப்போயிருக்கலாம். பத்து நிமிஷ வேலை. "நாளைக்கு வாங்கம்மா" என்றேன்.

அன்றிரவு மெய்ப்பை முழுக்கப் படித்தேன். தகவலில் பிழை இல்லை. ஆனால் சௌகரியமாக ஒன்றை விட்டிருந்தேன். எரித்த அதே ஆண்டு நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸுக்கு எழுதிய கடிதத்தில், சில கவிதைகளின் திருத்திய பிரதிகளை வைத்திருப்பதாகவும் அவற்றை அனுப்புவதாகவும் ஹாப்கின்ஸே சொல்கிறார். இதனால் அவர் சிறுத்துப்போவதில்லை. நாளும் இடமும் தானே குறித்துச் செய்யும் பலியில் சுயம்தான் ஆசாரியனாக நிற்கிறது என்பது எனக்கு உறைத்தது.

ஒப்புக்கொடுத்தல் டப்ளினில் நடந்தது. 1884இல் கிரேக்கப் பேராசிரியராக அங்கே போனார். பெரும் சுமை பரீட்சைத்தாள் திருத்துவது. நூற்றுக்கணக்கில் வந்து குவியும். கண் வலி, மனச்சோர்வு. பயனற்ற உழைப்பு என்று கடிதங்களில் புலம்பினார். ஆனாலும் முகம் தெரியாத ஒரு மாணவனுக்கு அநியாயம் நேர்ந்துவிடக்கூடாதென்று மிகையான நுணுக்கத்தோடு மதிப்பெண் போட்டார். இதில் நெருப்பு இல்லை. பார்த்துப் புல்லரிக்க யாருமில்லை. எரு அள்ளும் ஆணும் கழுநீர் வாளி சுமக்கும் பெண்ணும் அந்த வேலையாலேயே கடவுளை மகிமைப்படுத்தலாம் என்று அவர் ஒரு குறிப்பில் சொல்வதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. தன் சுயத்தின் ருசியை அவரளவுக்கு உணர்ந்த கவிகள் குறைவு. அந்த ருசியறிந்த கவனத்தை அவர் சாகடிக்கவில்லை. அப்படியே எடுத்து அந்நியன் ஒருவனின் விடைத்தாள்மேல் வைத்தார். 1889இல், 44 வயதில், டைபாய்டில் இறந்தார். கவிதைகள் 1918இல்தான் பிரிட்ஜஸின் பதிப்பில் நூலாக வந்தன, 750 பிரதிகள்.

மறுநாள் அந்த அம்மா வந்தார். இரண்டு பஸ் மாறி வருகிறவர் என்று அப்போது தெரிந்தது. மூன்று தரம் போட்டதில் மூன்றாவது ஒத்தது. "தொந்தரவு குடுத்துட்டேன் தம்பி" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் வரிசை நின்றது என்பது காரணமல்ல.

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. கடிதத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சேர்த்தேன். பெயரில் விட்டுப்போன எழுத்தையும் மறக்காமல் போட்டு அனுப்பினேன்.