எதையும் விழுங்கும் மூன்று புள்ளி

2025 மார்ச் 3, திங்கள்

ஜூனியர் பெண் லேப்டாப்போடு வந்து நின்றாள். "அக்கா, 12, 15, 18-க்குச் சராசரி கேட்டா, ஆர் 12-ன்னு சொல்லுது."

ஆர் நிரல்மொழியில் மீன்(12, 15, 18) என்று அடித்திருக்கிறாள். சம்(12, 15, 18) என்றால் 45 ஒழுங்காக வருகிறது, மேக்ஸ் போட்டால் 18. இது மட்டும் ஏன் இப்படி என்று அவளுக்குக் கோபம். நியாயம்தான். சம், மேக்ஸ் இரண்டிலும் '...' என்ற மூன்று புள்ளி வாசலிலேயே நிற்கிறது. எத்தனை எண் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும். மீனில் முதல் இடம் எக்ஸுக்கு. ஆகவே 12 மட்டும்தான் டேட்டா. 15 போய் அடுத்த ஆர்க்யுமெண்டான ட்ரிம்மில் உட்கார்ந்துகொண்டது, 18 அதற்கடுத்த என்ஏ.ஆர்எம்மில். ட்ரிம் 0.5-ஐத் தொட்டாலே மீடியனைக் கொடுத்துவிடும். ஒற்றை எண்ணுக்கு மீடியன் அதே எண். எர்ரர் இல்லை, வார்னிங்கூட இல்லை. சி(12, 15, 18) என்று வெக்டராகக் கொடுத்ததும் 15 வந்தது.

மார்ச் 4, செவ்வாய்

அவளுக்கு இன்னொன்றும் காட்டினேன்: சம்(10, 20, என்ஏ.எம்ஆர் = ட்ரூ). என்ஏ.ஆர்எம் என்பதில் எழுத்து மாறிவிட்டது, விடை 31! புள்ளிகளுக்குப் பின்னால் வரும் ஆர்க்யுமெண்டின் பெயரை எழுத்துப் பிசகாமல் முழுசாக எழுதணும். இல்லையென்றால் அதையும் புள்ளிகள் இன்னொரு எண்ணாக எடுத்துக்கொள்ளும். ட்ரூவின் மதிப்பு 1. முன்னால் இருப்பவற்றுக்குப் பாதிப் பெயர் எழுதினாலும் ஆர் கண்டுபிடித்துவிடும். இந்தப் பாரபட்சம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

மார்ச் 6, வியாழன்

திட்டியது போதும். ஆபீஸ் கிராஃபுக்கான ஃபங்ஷனை இன்று எழுதினேன். நிறம், தலைப்பு, கோட்டின் தடிமன் என்று பிளாட்டுக்குப் போக வேண்டியவை ஏராளம். ஒவ்வொன்றையும் நான் பட்டியல் போடவில்லை, '...' என்று வாங்கி, அப்படியே பிளாட்டிடம் தள்ளிவிட்டேன். புரியாத பெயர் வந்தால் பிளாட் வார்னிங்காவது கொடுக்கிறது. எத்தனை வந்தன என்று எண்ண, 2018-இல் வந்த 3.5.0 பதிப்பிலிருந்து '...லெங்த்()' இருக்கிறது. லிஸ்ட்(...) போட்டு எண்ணினால் ஆர்க்யுமெண்டுகள் எல்லாம் கணக்கிடப்பட்டுவிடும், இது கணக்கிடாமலே எண்ணிச் சொல்கிறது.

மார்ச் 7, வெள்ளி

ரிப்போர்ட்டுக்கு எண்களை ரவுண்டு செய்யும் பழைய ஃபங்ஷனில் புள்ளிகள் சும்மா கிடந்தன. யார், எதற்காக வைத்தார்களோ. உள்ளே செக்டாட்ஸ்(...) என்று ஒரு வரி சேர்க்க ஜூனியரிடம் சொன்னேன், உபரியாக எது வந்தாலும் பெயர் சொல்லி வார்னிங் கொடுக்கும். ஓட்டியதும் 'டிஜிட்' என்று வந்தது. புள்ளிகளுக்குப் பின்னால் இருப்பது 'டிஜிட்ஸ்'. நாலு தசமம் கேட்ட அட்டவணைக்கு இத்தனை நாளும் இரண்டே தசமம்தான் போயிருக்கிறது.

"யார்கிட்ட சொல்றது அக்கா?" என்றாள். திங்கட்கிழமை பார்க்கலாம் என்றேன்.