கண் கூசாத வெளிச்சம்

தியானப் பகுதி: யோவான் 21:1-17



சென்ற மார்கழியில், பறவைகளைப் படம்பிடிக்கப் போய் ஆராதனையைத் தவறவிடுகிறவர்களைப் பிரசங்க பீடத்திலிருந்து கடிந்துகொண்டேன். பெயர் சொல்லவில்லை. ஆனாலும் தறியும் கேமராவுமாக இருக்கும் வாலிபர் நம் சபையில் ஒருவரே. எல்லாருடைய தலையும் அவர் பக்கம் திரும்பியது. அடுத்த ஞாயிறு முதல் அவர் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். "தம்பி, அடுத்த முறை நானும் உன்னோடு வரலாமா?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, "வாருங்கள் ஐயா" என்றார்.

விடியுமுன் வந்தவாசி வழியாக வேடந்தாங்கல் சேர்ந்தோம். பறவைகளைச் சுடலாகாது என்று 1798-லேயே ஆங்கிலேயக் கலெக்டரிடம் ஆணை பெற்ற ஊராரின் ஏரி அது. கரையில் மூடுபனி. கூழைக்கடாக்களும் நாரைகளும் நீரில் நிற்கும் மரங்களில் விழித்துக்கொண்டிருந்தன. அவர் ஒரு வெண்கொக்கைப் படமெடுத்துக் காட்டினார். இறகின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது.

பதினொரு மணிக்கு, நான் கேட்டதற்காக, இன்னொரு கொக்கை எடுத்தார். வெயில் தாராளமாக இருந்தது. படத்திலோ உடல் வெறும் வெள்ளைத் திட்டு, கண் இருந்த இடத்தில் கறுப்பு நிழல்.

"வெளிச்சம் அதிகமானால் அதிகம் தெரிய வேண்டுமே?" என்றேன்.

"ஐயா, பட்டின் சாயத்தை உச்சிவெயிலில் பிடித்தா பார்க்கிறோம்? வாசல் நிழலில்தானே பார்க்கிறோம்!" என்றார்.

காரணத்தையும் விளக்கினார். சூரியன் தாழ்ந்திருக்கையில் அதன் கதிர் நெடுந்தூரம் காற்றைக் கடந்து, உக்கிரம் தணிந்து வருகிறது. பனியும் மேகமும் அதைப் பரப்பிவிடுகின்றன. ஒரே திசையிலிருந்து தாக்காமல் வானமெங்குமிருந்து இறங்குவதால், வெண்மை வெளிறிப்போவதுமில்லை, நிழல் இருண்டுபோவதுமில்லை.

தேநீர்க் கடையில் அவரே பேசினார். தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின், ஆலயத்தில் அவர்கள் அமர்ந்திருந்த இடத்தைப் பார்க்க முடியவில்லையாம். ஏரிக்கரையில் மட்டும் ஜெபிக்க முடிந்ததாம். அடக்க ஆராதனையை நடத்தியவன் நான். அதன்பின் ஒருமுறையாவது அவரிடம் விசாரித்ததில்லை.

பிரியமானவர்களே, பேதுரு ஆண்டவரை மறுதலித்தது இரவில், கரிநெருப்பின் அருகே. யோவான் அங்கே எழுதும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே இடத்தில்தான் வருகிறது. திபேரியா கடற்கரையில் விடியற்காலத்தில் உயிர்த்த ஆண்டவர் மூட்டிய கரிநெருப்பு அது. அவர் முதலில் உணவளித்தார், பிறகே கேட்டார். மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்விகள். பேதுருவின் தவறு மறைக்கப்படவில்லை. ஆனால் தவறோடுகூட, அவனுக்குள் மிஞ்சியிருந்த அன்பும் அங்கே வெளிப்பட்டது.

இதமான வெளிச்சம் உண்மையைக் குறைத்துக் காட்டுகிறது என்று எண்ணியிருந்தேன். இல்லை, உக்கிர வெயில் அழித்துவிடுவதையும் அதுவே காட்டுகிறது. நான் பீடத்திலிருந்து பார்த்தது காலி இருக்கையை. ஏரிக்கரையில் பார்த்தது தாயை இழந்த மகனை.

அன்றே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சபைக்கு முன்பாகச் செய்த தவறு ஆகையால், அவருடைய அனுமதியோடு, உங்கள் முன்பாகவும் அறிக்கையிடுகிறேன். அவர் இன்னும் ஆராதனைக்குத் திரும்பவில்லை. வரும்போது யாரும் காரணம் கேட்க வேண்டாம். பக்கத்தில் இடம் கொடுங்கள்.

இந்த வாரம் நீங்கள் யாரைக் கடிந்துகொள்ள நினைத்திருக்கிறீர்கள்? அவரோடு முதலில் ஒருவேளை உணவருந்துங்கள்.

ஜெபம்: விடியற்காலத்தில் கரையில் நின்ற ஆண்டவரே, நீர் எங்களைப் பார்ப்பதுபோல நாங்களும் ஒருவரையொருவர் பார்க்கக் கிருபை தாரும். ஆமென்.