கொம்பு முதலா, க முதலா?

2015 ஆகஸ்ட் 10, திங்கட்கிழமை. விசாகப்பட்டினத்தில் முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு முன்னிலையில் ஒரு புதிய செல்போனை அறிவித்தார்கள். பெயர் ரெட்மி 2 பிரைம். விலை ரூ. 6,999. அன்று மாலையே சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் அதன் மீது விசாரணை தொடங்கிவிட்டது.

விசாரணைக் குழுவில் நாங்கள் ஐந்து பேர். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், கல்லூரி லேப் உதவியாளர், மாங்கூழ் தொழிற்சாலைக் கணக்கர், எல்.ஐ.சி. முகவர், பிறகு நான். யாருக்கும் அந்த வாரம் போன் வாங்கும் உத்தேசம் இல்லை. ஆனால் எந்தக் கம்பெனி எந்த ஊரில் எதை அறிவித்தாலும் அதைப் பிரித்து மேய்ந்த பிறகுதான் எங்களுக்கு ராத்திரி சாப்பாடு இறங்கும்.

ரிப்பேர் கடைக்காரர் முதலில் ஆரம்பித்தார். “மார்ச்சில் வந்த ரெட்மி 2-க்கும் இதே விலைதானே வைத்தார்கள்? அதில் ராம் 1 ஜி.பி., சேமிக்க 8 ஜி.பி. இதில் 2 ஜி.பி., 16 ஜி.பி. மிச்சமெல்லாம் அதேதான். 4.7 அங்குலத் திரை, ஸ்னாப்டிராகன் 410, பின்பக்கம் 8 மெகாபிக்சல் கேமரா. பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். எனக்கு அது போதும்ப்பா.” பேட்டரி கழற்ற முடியாத போன்களை அவர் தன் தொழிலுக்கு இழைத்த துரோகமாகவே கருதினார்.

லேப் உதவியாளர் ஒத்துக்கொள்ளவில்லை. “500 ரூபாய் சேர்த்துப் போட்டால் லெனோவோ ஏ6000 பிளஸ். அதே சிப், அதே 2 ஜி.பி., அதே 16 ஜி.பி. திரை மட்டும் 5 அங்குலம்.”

“0.3 அங்குலத்துக்கு 500 ரூபாயா?” என்று கணக்கர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் வருத்தப்பட வேண்டியிருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வழக்கை முடித்துவைத்தவர் எல்.ஐ.சி. முகவர். தெலுங்குக்காரர். “மன ஜில்லாலோ சேஸிந்தி” என்றார். நம் மாவட்டத்தில் செய்தது. ஷாவ்மி கம்பெனி இந்தியாவில் தயாரித்த முதல் போன் அது. தயாரான இடம் ஸ்ரீசிட்டியில் ஃபாக்ஸ்கான் நடத்திய ஆலை. சென்னையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தூரத்தில், தடா, சத்தியவேடு பக்கம் இருக்கிறது ஸ்ரீசிட்டி. அப்போது அது சித்தூர் மாவட்டக் கணக்கு. மாம்பழத்துக்கும் பாலுக்கும் பெயர் வாங்கிய மாவட்டத்திலிருந்து ஒரு செல்போன்!

“செய்தது என்று சொல்லாதீர்கள், பூட்டியது என்று சொல்லுங்கள்” என்றார் கணக்கர். “சிப்பும் திரையும் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வருகிறது. இங்கே சேர்த்துத் திருகாணி முடுக்குகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாகூட 2006இல் ஆரமித்தார்கள். 2014 நவம்பரில் கதவைச் சாத்தினார்கள். இது எத்தனை நாளைக்கோ!” அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஊர்ப் பெருமை முன்னால் நியாயம் எடுபடுமா? பதினைந்து நாள் கழித்து நான் ஒரு ரெட்மி 2 பிரைம் வாங்கினேன். எனக்கல்ல, அப்பாவுக்கு.

அப்பாவுக்கு அப்போது 74 வயது. குடிபாலா பக்கம், வேலூர் எல்லையை ஒட்டிய கிராமத்தில் கொஞ்சம் மாந்தோப்பு. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது அவர் 12 வயதுப் பையன். ஞாபகம் இருக்கிறவரை சென்னை ராஜ்யத்தில் இருந்த சித்தூர், ஒரே நாளில் ஆந்திராவுக்குப் போனது. அவர் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். எட்டாவதோடு நிறுத்திவிட்டு மண்டியில் தமிழில் கணக்கு எழுதினார். தெலுங்கு சரளமாகப் பேசுவார். பஸ் போர்டைப் படிக்க மட்டும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்.

அதுவரை அவரிடம் இருந்தது நோக்கியா 1100. 2003இல் வந்த மாடல். டார்ச் விளக்கு, தூசி புகாத ரப்பர் பட்டன். தோப்பில் ராக்காவலுக்குப் போகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான போனை இன்றுவரை யாரும் செய்யவில்லை. அதில் அவர் படித்ததும் எழுதியதும் எண்களை மட்டும்தான்.

புதிய போனில் தமிழ் இருந்தது. மெனுவைத் தமிழுக்கு மாற்றினேன். தமிழ் விசைப்பலகை ஒன்றை இறக்கிப் போட்டேன். வாட்ஸ்அப்பும் வந்தது. எழுத்தின் அளவை இருப்பதிலேயே பெரிதாக வைத்தேன். அப்போதுதான் 0.3 அங்குலத்தின் அருமை தெரிந்தது. தமிழ்ச் சொற்கள் நீளம். பெரிய எழுத்தில் ஒரு வரிக்கு இரண்டு சொல் கொள்ளவில்லை. விசைப்பலகை பாதித் திரையை எடுத்துக்கொள்ள, மீதியில் நாலு வரி தெரிந்தது. லேப் உதவியாளர் சொன்னதுதான் சரி. ஆனால் அவர் சினிமா பார்ப்பதற்காக 5 அங்குலம் கேட்டார். வயதான கண்ணை எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

அப்பாவின் முதல் புகார் திரையைப் பற்றியல்ல, கொம்பைப் பற்றி.

“கெ எழுதணும்னா கொம்பு போட்டுட்டுத்தானடா க போடணும்? இது என்னடான்னா க போட்டுட்டு வா, அப்புறம் கொம்பு தரேங்குது. தலைகீழா இருக்கே!”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. காகிதத்தில் நாம் இடமிருந்து வலமாகக் கொம்பை முதலில் எழுதுகிறோம். பழைய தமிழ்த் தட்டச்சு இயந்திரத்திலும் கொம்புக்குத்தான் முதல் தட்டு. யூனிகோடு முறையில் மெய்தான் முன்னால், உயிர்க்குறி அதற்குப் பின்னால். ஒலி வரும் வரிசையில் எழுத்து வருகிறது. அறுபது வருடம் கொம்பை முதலில் போட்ட விரல் அதை ஏற்க இரண்டு மாதம் பிடித்தது.

இந்தச் சிரமமே இல்லாத ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள். என் மகள். திருப்பதியில் விடுதியில் தங்கி டிகிரி படித்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் மீடியம், இரண்டாம் மொழி தெலுங்கு. வீட்டில் தமிழ் பேசுவாள், தமிழில் ஒரு எழுத்து தெரியாது. எங்கள் மாவட்டத் தமிழ்க் குடும்பங்களில் இது சகஜம். அதை நான் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

தாத்தாவிடமிருந்து அவளுக்கு முதல் செய்தி வந்தது. மூன்றே சொல். விடுதியில் காஞ்சிபுரத்துப் பெண் ஒருத்தியிடம் காட்டிப் படித்துக்கொண்டாள். “சாப்பிட்டியா? மழை பெய்யுது.” பதிலைக் குரலில் பேசி அனுப்பினாள். தாத்தாவிடமிருந்து சத்தமே இல்லை. மறுநாளும் பேசி அனுப்பினாள். வந்த பதில்: “எழுது.”

அதற்குப் பிறகு அந்தக் காஞ்சிபுரத்துப் பெண்ணே ஆசிரியை. விசைப்பலகையே பலகை. க தொட்டால் காவும் கியும் வரிசையாக எதிரே நிற்கிறதே! மகளின் முதல் வாக்கியம், “சபடடன தத.” அப்பா அதை வெகு நேரம் பார்த்துவிட்டுத் திருத்தி அனுப்பினார்: “சாப்பிட்டேன் தாத்தா. புள்ளி வை. கால் போடு.” மண்டிக் கணக்கில் பைசா விடாதவர், பேத்தியின் புள்ளியை விடுவாரா?

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு போனை நீட்டினாள். “நீங்களே படிங்கப்பா. நான் படிச்சது சரியான்னு சொல்லுங்க.”

“எனக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை. போனில் பேசினால் ஒன்றும் தெரியவில்லை. உன் அப்பாவிடம் சொல்லாதே, டாக்டர் செலவு என்று அலைவான். நீ இப்படி எழுதிக்கொண்டே இரு.”

தினமும் ராத்திரி எட்டு மணிக்கு நான் அப்பாவுக்கு போன் செய்வேன். மாத்திரை போட்டீர்களா, தோப்புக்குத் தண்ணீர் விட்டார்களா என்று கேட்பேன். “சரி, சரி” என்பார். எல்லாவற்றுக்கும் சரி. எத்தனை மாதமாக எதுவும் கேட்காமலே அந்தச் ‘சரி’யைச் சொல்லியிருக்கிறார்! புதிய போனின் ஒலிபெருக்கி சத்தம் போதுமா என்று டீக்கடையில் அரை மணி நேரம் வாதாடியவன் நான்.

அன்று முதல் நானும் எழுத ஆரம்பித்தேன். காதுக் கருவி வாங்கினோம். அது இரைச்சலைத்தான் பெரிதாக்கியது, பெட்டிக்குள் போய்விட்டது. போன் மட்டும் அவர் சட்டைப் பையில் இருந்தது.

சத்தியவேட்டில் என் அக்கா மகள் இருக்கிறாள். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் போன்களைச் சோதிக்கும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தாள். கிராமங்களிலிருந்து அவளைப் போன்ற பெண்களை பஸ் வைத்து அழைத்துப் போவார்கள். அவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன்.

“மாமா, நாங்க தொட்டா திரை வேலை செய்யுதா, மைக் எடுக்குதா, ஸ்பீக்கர் பேசுதான்னு பார்ப்போம். அதுக்கு மேல யார் கையில போகுதோ!” என்றாள். தன் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னாள். எனக்குத் திருமலை ஞாபகம் வந்தது. அங்கேயும் கோயிலுக்குள் போவதற்கு முன் போனைக் கவுன்ட்டரில் கொடுத்துவிட வேண்டும். ஏழுமலையான் சன்னிதியும் செல்போன் செய்யும் ஆலையும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்று!

தமிழ் எழுத்து வசதியை நாங்கள் அன்று பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அது கம்பெனியின் தயவாக இருந்த காலம். 2016இல்தான் மத்திய அரசு, இந்தியாவில் விற்கும் போன்களில் 22 அட்டவணை மொழிகளிலும் வரும் செய்தியைப் படிக்க முடிய வேண்டும் என்று ஆணையிட்டது. ஒரு கிழவர் பேத்தியிடம் ரகசியம் சொல்ல எவ்வளவு ஏற்பாடு வேண்டியிருக்கிறது பாருங்கள்.

அப்பா 2021இல் காலமானார். மறு வருடம் ஏப்ரலில் மாவட்டத்தைப் பிரித்தார்கள். ஸ்ரீசிட்டி திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. “நம் மாவட்டத்தில் செய்தது” என்று இனி சித்தூர்க்காரர்கள் சொல்ல முடியாது. அந்த போன் என் மேஜையில் இருக்கிறது. பேட்டரி உப்பியதும் ரிப்பேர் கடைக்காரர் கழற்றி எடுத்துவிட்டார். கழற்ற முடிகிற பேட்டரியைப் பற்றி அவர் பத்து வருடத்துக்கு முன்பு சொன்னதை மறுபடி ஒருமுறை சொன்னார். மகள் இப்போது எனக்குத் தமிழில்தான் எழுதுகிறாள். புள்ளி, கால், கொம்பு எதுவும் தப்புவதில்லை.

டீக்கடைக் குழு இன்னும் கூடுகிறது. போன மாதம் ஒரு புதிய போன். கேமரா 200 மெகாபிக்சல். லேப் உதவியாளர் கடையிலிருந்து ஒன்றைப் பார்க்க வாங்கி வந்திருந்தார். நான் அதை எடுத்து மொழியைத் தமிழாக்கி, எழுத்தை முழுசாகப் பெரிதாக்கி, விசைப்பலகையைத் திறந்து வைத்தேன்.

“ஆரம்பிச்சுட்டார்ப்பா” என்று சிரித்தார் எல்.ஐ.சி. முகவர்.

கணக்கர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அம்மாவுக்கு இப்போது 80. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையில் விரல் வைத்து மெதுவாக எண்ணினார்.

“ஏழு வரி தெரியுது” என்றார். பிறகு, விலை எவ்வளவு என்று கேட்டார்.