செவ்விளக்கு

"நெட் போயிற்று" என்னுந் தொடர் இக்காலத்தே இல்லந்தோறும் வழங்குவதொன்று. தமிழ் பயிலும் மாணவனாகிய எனக்கு இத்தொடர்மாட்டு ஒரு மனக்குறை நெடுநாளாக உண்டு. போயது யாது? எவ்விடத்தினின்று போயது? மின்சாரமோ, கம்பியோ, பெட்டியோ, பெட்டியினின்று கைப்பேசிக்குச் செல்லும் அலையோ? வெவ்வேறு குற்றங்கட்கு ஒரே பெயரிட்டு வழங்குதலின், அவற்றுக்கு மருந்தும் ஒன்றே எனக் கருதி, யாவரும் பெட்டியை அணைத்து மீட்டும் ஏற்றுகின்றனர். அஃது ஒரோவழிப் பலிக்கும். பலியாதபொழுது செய்வதறியாது திகைப்பர்.

கம்பைநல்லூரிலுள்ள எம்மனைக்கு இணையம் வருவது கண்ணாடியிழை வாயிலாக. தெருக்கம்பத்தினின்று மெல்லிய கரிய வடமொன்று சன்னலோரத் துளைவழியே நுழைந்து, சுவரோரமாக ஓடி, ஒரு சிறு பெட்டியை அடைகின்றது. அதனை எம் வீட்டார் மோடம் என்பர். அப்பெயர் தொலைபேசிக் கம்பிவழி இணையம் வந்த காலத்தது. எண்களை ஒலிக்குறியாக்கி அனுப்பி, வந்த ஒலிக்குறியை மீண்டும் எண்ணாக்கிய கருவிக்கு இட்ட பெயர். எம்மனையிலுள்ளதோ ஒளியை மின்குறியாக்குவது. தொழில் மாறியும் பெயர் மாறவில்லை. அதனருகே இருப்பது ரௌட்டர். வீட்டிலுள்ள கருவி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்முகவரி ஈந்து, வருஞ் செய்தியை உரியதற்கே பகிர்ந்தளிப்பது அதன் தொழில். கூட்டுக்குடும்பத்திற் சோற்றுப்பானையின் முன்னமர்ந்து பரிமாறும் பாட்டியை அஃது ஒக்கும்.

2024ஆம் ஆண்டு ஆடித்திங்களில் எம்மனை இணையம் ஒரு கிழமையாக விட்டுவிட்டு வந்தது. அப்பொழுது என் தங்கை பொறியியற் கலந்தாய்வுக்குரிய விருப்பப் பட்டியலை நிரப்பிக்கொண்டிருந்தாள். தமிழ்நாட்டில் 2018 முதல் அக்கலந்தாய்வு இணையவழியே நிகழ்கின்றது. கல்லூரிகளை எவ்வரிசையில் வைக்கின்றோமோ அவ்வரிசையே இடத்தை முடிவு செய்யும். செட்டிக்கரையிலுள்ள அரசு பொறியியற் கல்லூரி முதலில் நிற்கவேண்டுமென்பது அன்னையார் விருப்பம். சென்னைக் கல்லூரிகளே முதலில் வேண்டுமென்பது தங்கையின் பிடிவாதம். இவ்வழக்கு முடியாமலே கடைநாள் வந்துவிட்டது. மாலை 5 மணியே எல்லை. அன்று பிற்பகல் 2 மணியளவில் இணையம் முற்றும் நின்றது. கைப்பேசிக்கோ எம்மனையுள் அலை நன்கு எட்டுவதில்லை. "4 மணிவரை பார்ப்போம்; ஆகாவிடின் பேருந்து நிலையத்தருகே உள்ள கணினி மையத்துக்கு அழைத்துச் செல்கிறேன்" என்றார் தந்தையார். சிற்றப்பாவோ, "ரௌட்டர் பழசாயிற்று, புதிது ஒன்று வாங்கிவிடுங்கள், அண்ணா" என்றார். இரண்டாயிரம் ரூபாய்ச் செலவை இத்துணை எளிதாகச் சொல்லவல்லார் எம் குடும்பத்தில் அவர் ஒருவரே!

யான் முதற்கண் நோக்கியது மோடத்தின் விளக்குகளை. மின்விளக்கு ஒளிர்ந்தது, ஆகவே மின்சாரத்திற் குற்றமில்லை. 'பான்' என்னும் விளக்கு பசுமையாக நிலைத்து நிற்பின், நிலையத்துக் கருவியோடு நம் கருவி இணைந்துள்ளது என்பது பொருள். அஃது அணைந்திருந்தது. 'எல்.ஓ.எஸ்.' என்னும் விளக்கோ செந்நிறமாக இமைத்தது. ஒளி வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள். எனவே ரௌட்டரை மாற்றியும் பயனில்லை. கிணற்றில் நீரில்லாதபொழுது தோண்டியைப் புதுப்பிப்பதனால் வருவதென்ன? பின்னர் அடுத்த வீட்டாரை வினவினேன். அவர்க்கும் அதே கம்பத்தினின்றே இணைப்பு; அஃது இனிது நடந்தது. ஆகவே குற்றம் கம்பத்துக்கும் எம் பெட்டிக்கும் இடையே உளது எனத் துணிந்தேன்.

அவ்விடையில் எவ்விடம் என்பதனைக் காட்டியவர் அன்னையாரே. "தம்பி, நான் பீரோவைத் திறந்தாலே அந்தச் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது, ஒரு வாரமாகப் பார்க்கிறேன்" என்றார். சிற்றப்பா நகைத்தார். யான் பீரோவின் பின்புறத்தைக் கண்டேன். வீட்டுக்கு வெள்ளையடித்தபொழுது நகர்த்திய அவ்விரும்புப் பெட்டகம் சுவரோடு ஒட்டி நின்றது. இழைவடம் அதன் பின்விளிம்பிற்கும் சுவருக்கும் இடையே மடிந்து கிடந்தது. கதவைத் திறந்து மூடுந்தோறும் பெட்டகம் சிறிதே அசைய, மடிப்பும் இறுகிற்று.

மடிப்பு எங்ஙனம் தடையாகும் என வினவுவார்க்கு ஒன்று கூறுவேன். ஒளி இழைக்குள்ளே முழுவதும் எதிரொளித்தே செல்லும். வடத்தை வளையலளவு வட்டமாகச் சுற்றிவைப்பின் தீங்கில்லை. விரல்மடிப்பளவு ஒடித்தால், ஒளி அவ்விடத்தே உறையைக் கடந்து வெளியே கசிந்துவிடும். மேலும், நிலையத்தினின்று புறப்படும் ஓரிழையின் ஒளியை வழியிற் பல மனைகட்குப் பகுக்கின்றனர். 32 மனைகட்குப் பகுப்பதும் உண்டு. ஆதலின் நம்பால் வருவது முன்னரே மெலிந்த ஒளி. 1 மில்லிவாட்டின் 500-இல் ஒரு பங்களவு ஒளியையும் இத்தகைய கருவிகள் உணர்வன. அதனினும் மிகக் குறையின் உணரா.

ஒளி எங்கே இழக்கப்படுகின்றது என்னும் இவ்வினாவிலிருந்தே இத்துறை வளர்ந்ததென்பது யான் பின்னர்ப் படித்தறிந்தது. பஞ்சாபின் மோகாவிற் பிறந்த நரிந்தர் சிங் கபானி இழைவழி ஒளி செல்லுதலை ஆராய்ந்து, 1960இல் இத்துறையின் பெயரையும் பரவச் செய்தார். ஆயினும் நெடுந்தொலைவு செல்லுமுன் ஒளி மாய்ந்தது. 1966இல் சார்லஸ் காவோ, அவ்விழப்புக்குப் பெருங்காரணம் கண்ணாடியின் இயல்பன்று, அதிற் கலந்த மாசே என்று காட்டினார். 2009இல் அவர்க்கு நோபல் பரிசு கிட்டியது. கண்ணாடியைக் கைவிடாது மாசைத் தேடிய அவர் எங்கே, பெட்டியை மாற்றச் சொல்லும் எம் சிற்றப்பா எங்கே!

தந்தையாரும் யானுமாகப் பெட்டகத்தை நகர்த்தி, வடத்தை மெல்ல நிமிர்த்தினோம். செவ்விளக்கு அணைந்தது, சிறிது நேரத்திற் பான் விளக்கு பசுமையாக நிலைத்தது. ஆயினும் தங்கையின் மடிக்கணினியில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. அவள் கண்கள் கலங்கின. மணி மூன்றே முக்கால். தந்தையார் வண்டிச்சாவியை எடுத்தார்.

அப்பொழுது கணினியை ரௌட்டரின்றி, மோடத்தோடு கம்பிகொண்டு நேரே இணைத்துப் பார்த்தேன். பக்கம் திறந்தது! எனவே மோடம்வரை யாவும் நன்று, எஞ்சியது ரௌட்டர். அது பழுதுபட்டதன்று; ஒளி வாராத வேளையில் மோடத்தினிடம் முகவரி கேட்டுப் பெறாது, வெறுமனே நின்றுகொண்டிருந்தது. இரண்டையும் அணைத்து, மோடத்தை முதலில் ஏற்றி, பான் விளக்கு நிலைத்தபின்னரே ரௌட்டரை ஏற்றினேன். இவ்வரிசை மாறி, ரௌட்டர் முந்தி விழித்தால், அது முகவரியின்றித் தவித்தலும் உண்டு.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. இழையின் முனையைக் கழற்ற நேரின், அதனைக் கண்ணருகே வைத்து நோக்கற்க. அதன்வழி வருவது கண்ணுக்குப் புலனாகாத ஒளி. காணப்படாமையால் அஃது இல்லையென்பது பொருளன்று. முனையில் தூசு படிதலும் பழுதே. அதனைத் துடைக்கும் பணியை அதற்குரிய கருவியோடு வரும் பணியாளரிடம் விடுதல் நன்று.

4 மணி 20 நிமிடத்துக்குத் தங்கை தன் பட்டியலை முடித்தாள். செட்டிக்கரை எத்தனையாம் இடத்தில் நின்றது என்பதை அவள் அன்று அன்னையாரிடம் சொல்லவில்லை, அன்னையாரும் வினவவில்லை. பீரோ இப்பொழுது சுவரினின்று நான்கு விரற்கடை விலகி நிற்கின்றது.